கறிகாயில், துணியில், தண்ணீரில், மண்ணில் தங்கும் பூச்சி மருந்தை நீக்குவது எப்படி? தோட்டத்து ஊர்களுக்கான முழு வழிகாட்டி

உப்பு போட்டால் போதுமா, ஆப்பசோடா நல்லதா, வினிகர் ஊற்றலாமா? பூச்சி மருந்து என்று பேச்செடுத்தால், மலேசியாவின் கோல சிலாங்கூர் மாவட்டத்தில் உள்ள எங்கள் புக்கிட் ரோத்தான் பக்கம் முதலில் வரும் கேள்விகள் இவைதாம். இதற்கெல்லாம் ஒரே பதில் கிடையாது. மருந்து எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் எதைச் செய்வது என்று சொல்ல முடியும். தோலின் மேல் இருப்பது தண்ணீருக்குப் போகும். மெழுகுக்குள் இறங்கியது தோலோடு சேர்த்துச் சீவினால்தான் போகும். செடியின் சாற்றில் கலந்தது எதற்கும் அசையாது. காலம்தான் அதைக் குறைக்கும்.

தோட்டத்து ஊரில் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாட்டின் முதல் வணிகச் செம்பனை (எண்ணெய்ப்பனை) நடவு 1917-இல் இந்த மாவட்டத்தில்தான், தென்னமரம் தோட்டத்தில் நடந்தது. ஒரு நூற்றாண்டாகத் தோட்டத்தோடு வாழ்கிற ஊருக்கு மருந்து கறிகாயில் மட்டும் வருவதில்லை. வேலைக்குப் போட்டுப்போன சட்டையில் வருகிறது, காலித் தோங்கில் (மருந்து வரும் பிளாஸ்டிக் கலனில்) வருகிறது, வடிகாலில் வருகிறது. ஆகவே இந்த வழிகாட்டி அடுப்படியில் தொடங்கினாலும் அங்கேயே நின்றுவிடாது.

முதல் படி: எந்த வகை மருந்து என்று பாருங்கள்

மலாத்தியான், சைபர்மெத்ரின், மான்கோசெப் போன்றவை தொடு மருந்துகள். இலையின் மேலும் காயின் மேலும் படிந்து கிடக்கும். சவி (கடுகுக்கீரை), கீரை, பயற்றங்காய் மேல் வெண்மையாகத் திட்டுத் திட்டாகத் தெரிவது பல நேரம் மான்கோசெப் போன்ற பூஞ்சை மருந்தின் படிவு. இவற்றில் பெரும்பகுதியை வீட்டிலேயே நீக்கிவிடலாம்.

இமிடாகுளோபிரிட், தியாமெத்தாக்சம் போன்றவை ஊடுருவும் மருந்துகள். வேர் வழியாகவோ இலை வழியாகவோ ஏறிச் செடி முழுக்கப் பரவும். அடித்த மறுநாள் பறித்த காயை எத்தனை முறை கழுவினாலும் உள்ளே இருப்பது உள்ளேதான்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை உண்டு. இறக்குமதி ஆப்பிள், ஆரஞ்சு ஆகியவற்றுக்கு அறுவடைக்குப் பின் அழுகாமல் இருக்கத் தடவும் தையபெண்டசோல் அந்த வகை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் 2017-இல் ஆப்பிளில் சோதித்தபோது, தையபெண்டசோலில் ஏறத்தாழ 20% தோலுக்குள் இறங்கிவிட்டது. போஸ்மெட் என்ற பூச்சி மருந்தில் இறங்கியது 4.4% மட்டுமே. ஒரே பழம், ஒரே தோல், ஆனால் மருந்துக்கு மருந்து நடத்தை வேறு.

இரண்டாம் படி: கழுவும் முறை

கழுவிய பிறகு நறுக்குங்கள். நறுக்கிவிட்டுக் கழுவினால் வெட்டுவாய் வழியாகத் தோல்மேல் இருந்தது உள்ளே போகும், சத்தும் வெளியேறும்.

பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய ஒரு கட்டு சவியை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டோடு தண்ணீரில் முக்கி எடுப்பது கழுவலே இல்லை. அடித்த மருந்து இலை வழியே வழிந்து, தண்டுகள் சேரும் அடிக்குழியில் மண்ணோடு சேர்ந்து தேங்கும். அடியை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி எறியுங்கள். இலைகளை ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் ஒவ்வோர் இலையின் அடிப்பக்கத்தையும் தண்டின் உட்குழிவையும் கட்டைவிரலால் தேயுங்கள். பூச்சி இலையின் அடியில்தான் ஒளியும். மருந்து அடிப்பவரும் அங்கே படும்படி அடிப்பார். அதனால் மேல்பக்கத்தைவிட அடிப்பக்கத்துக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள்.

ஓடும் தண்ணீரும் தேய்ப்பும்தான் வேலையின் பெரும்பகுதியைச் செய்கின்றன. அமெரிக்காவின் கனெக்டிகட் வேளாண் ஆய்வு நிலையம் 12 மருந்துகளைச் சோதித்ததில் 9 மருந்துகளின் எச்சம் வெறும் குழாய்த் தண்ணீரிலேயே குறைந்தது. கடையில் விற்ற காய்கறிக் கழுவுநீர்கள் தண்ணீரைவிட மேலாக எதையும் செய்யவில்லை. ‘தண்ணீரில் கரையாத மருந்து தண்ணீரில் போகாது’ என்ற நம்பிக்கையும் அதில் அடிபட்டுப் போனது. தேய்க்கும்போது மருந்து தூசியோடும் மண்ணோடும் சேர்ந்து அடித்துச் செல்லப்படுகிறது; கரைய வேண்டிய அவசியமில்லை. முப்பது விநாடியாவது தேய்த்துக் கழுவ வேண்டும் என்பது அவர்கள் சொன்ன அளவு.

அதற்கு மேலும் செய்ய விரும்பினால் ஆப்பசோடா நல்லது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம், அதாவது சமமாக வழித்த இரண்டு தேக்கரண்டி. முன்பு சொன்ன மாசசூசெட்ஸ் சோதனையில் இந்த அளவில் 12 முதல் 15 நிமிடம் ஊறிய ஆப்பிளின் மேற்பரப்பில் இருந்த இரண்டு மருந்துகளும் நீங்கின. காரத்தன்மையில் பல மருந்துகளின் மூலக்கூறு உடைகிறது. ஆப்பசோடா வேலை செய்வது அதனால்தான். ஊறியதும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். தோலுக்குள் இறங்கியதை இதுவும் எடுக்காது. இந்தியாவில் பரவலாகச் சொல்லும் 2% உப்புநீரும், லிட்டருக்கு 20 கிராம் கல்லுப்பு, பயன் தரும். கையில் எது இருக்கிறதோ அதைப் பயன்படுத்துங்கள். தேய்ப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இரண்டு பொருளைக் கிட்டவே சேர்க்க வேண்டாம். ஒன்று, பாத்திரம் கழுவும் சோப்பு. காயின் நுண்துளைகள் அதை உறிஞ்சிக்கொள்ளும். மற்றொன்று, குளோரோக்ஸ் போன்ற வெளுப்பான். இதன் ஆபத்தை விளக்கியே ஆக வேண்டும். குளோர்பைரிபாஸ், மலாத்தியான் போன்ற ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சி மருந்துகளின் மூலக்கூறில் பாஸ்பரசோடு இரட்டைப் பிணைப்பில் ஒரு கந்தக அணு இருக்கும். குளோரின் அந்தக் கந்தகத்தை நீக்கி ஆக்சிஜனை வைத்துவிடும். அப்படி உருவாகும் ஆக்சான் என்ற பொருள் மூல மருந்தைவிட நரம்புக்குக் கொடியது. மருந்து உடைந்துவிட்டது என்பதும் நஞ்சு போய்விட்டது என்பதும் ஒன்றல்ல. வீட்டில் வாங்கி வைக்கும் ஓசோன் இயந்திரங்களை நான் பரிந்துரைக்காததற்கும் இதே வேதியியல்தான் காரணம்.

காய்க்குக் காய் சில குறிப்புகள். முட்டைக்கோஸில் வெளி இலை இரண்டு மூன்றை எறிந்துவிடுங்கள். பாகற்காயின் மேடு பள்ளத்துக்குப் பழைய பல்துலக்கி வேண்டும், விரல் போதாது. வெண்டைக்காயைச் சுரசுரப்பு போகத் தேயுங்கள். வெள்ளரியைச் சந்தேகம் இருந்தால் சீவிவிடுங்கள். கறிவேப்பிலையை ஈர்க்கிலிருந்து உருவிய பிறகு கழுவுங்கள். லயத்து வீட்டுக்கும் (தோட்டத்து வரிசை வீட்டுக்கும்) ஒரு தொட்டி வைக்க இடம் இருக்கும், அதில் சொந்தமாக ஒரு செடி வளர்ப்பது இன்னும் நல்லது. காய்ந்த மிளகாயில் ஒரு கணக்கு உண்டு: தண்ணீர் வற்றி எடை குறையும்போது மருந்து அதே அளவில் நின்றால் கிராமுக்குக் கிராம் அடர்த்தி பல மடங்கு ஏறும். தூள் அரைக்கும் முன் மிளகாயைக் கழுவி வெயிலில் நன்றாக உலர்த்துங்கள்.

மூன்றாம் படி: சமையலில் கவனிக்க வேண்டியவை

கொதிநீரில் பல மருந்துகள் சிதையும், சில ஆவியாகும், சில தண்ணீரில் இறங்கும். சந்தேகமுள்ள கீரையை ஒரு நிமிடம் கொதிநீரில் போட்டு எடுத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவது நல்ல பழக்கம். வைட்டமின் சி கொஞ்சம் போகும், போகட்டும்.

மான்கோசெப் மட்டும் இதில் விதிவிலக்கு. சூட்டில் அது எத்திலீன் தயோயூரியா என்ற பொருளாக மாறுகிறது. தைராய்டைப் பாதிக்கும் பொருள் அது. வெண்திட்டு தெரியும் கீரையை அப்படியே குழம்பில் போட்டால் நம் அடுப்பே அந்தப் பொருளை உண்டாக்கித் தரும். முதலில் தேய்த்துக் கழுவி மான்கோசெப்பை வெளியேற்றுங்கள், பிறகு அடுப்பில் ஏற்றுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் காய்கறியைக் குறைத்துவிடாதீர்கள். உணவில் தங்கலாம் என்று அனுமதிக்கும் எச்ச அளவுகளை 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள் வகுத்திருக்கின்றன. கழுவிச் சாப்பிடும் கீரையின் நன்மை, கீரையே சாப்பிடாமல் இருப்பதைவிட எவ்வளவோ மேல்.

நான்காம் படி: வீட்டுத் தோட்டத்தில் நாளை எண்ணுங்கள்

ஊடுருவும் மருந்துக்குக் காலம்தான் மாற்று. கொல்லையில் கத்தரியும் மிளகாயும் போட்டு மருந்தடிப்பவர்கள் போத்தலின் ஒட்டுச்சீட்டில் கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே எத்தனை நாள் என்று பார்க்க வேண்டும். மலாய் மொழியில் பொடி எழுத்தில் இருக்கும். பிள்ளைகளைக் கூப்பிட்டாவது படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த நாள் முடியாமல் பறிக்காதீர்கள். பறித்ததைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கவும் செய்யாதீர்கள். தெளித்த தேதியைச் செடியருகே ஒரு குச்சியில் எழுதிக் கட்டிவிட்டால் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

ஐந்தாம் படி: துணி, கை, காலித் தோங்

தோட்டத்துக் குடும்பங்களுக்கு எல்லாவற்றிலும் முக்கியம் இந்தப் படிதான் என்பது என் எண்ணம். கறிகாயில் வருவது மிகச் சிறிய அளவு. வேலைச் சட்டையில் வருவது அதைவிட எத்தனையோ மடங்கு அதிகம்.

மருந்து அடித்து ஓய்வுபெற்ற ஓர் அக்கா எங்கள் பக்கத்தில் இருக்கிறார். “அந்தக் காலத்துல கைக்கு உறையே கிடையாது தங்கச்சி. நகமெல்லாம் கறுத்து உரிஞ்சு விழுந்துச்சு. அந்தக் கையோடதான் புள்ளைக்குச் சோறு ஊட்டுனேன்” என்றார். நகத்தை அப்படிக் கெடுப்பது பாராகுவாட் என்ற களைக்கொல்லியின் இயல்பு. மருந்தடிக்கும் பெண்களுக்காகத் தெனாகானித்தா என்ற உரிமை அமைப்பும் அதன் தலைவர் ஐரின் பெர்னாண்டசும் நெடுங்காலம் போராடினார்கள். மலேசியா 2002-இல் பாராகுவாட்டைத் தடுத்தது, 2006-இல் தடையைத் தளர்த்தியது, 2020 ஜனவரி 1 முதல் முழுமையாகத் தடைசெய்தது. குளோர்பைரிபாசும் கார்போபுரானும் 2023 மே 1 முதல் விவசாயத்துக்குத் தடை. பழைய போத்தல் எதுவும் வீட்டுக் கொட்டகையில் இருந்தால் சாக்கடையில் ஊற்றாதீர்கள், புதைக்காதீர்கள், எரிக்காதீர்கள். மூடியை இறுக்கி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, மாவட்ட விவசாய அலுவலகத்தில் கேளுங்கள்.

வேலைத் துணியைக் குளியலறைக்கு வெளியிலேயே கழற்றுங்கள். தனி வாளியில் போடுங்கள். குடும்பத் துணியோடு எந்தக் காரணத்துக்கும் சேர்க்காதீர்கள். அன்றே துவையுங்கள், ஒரு நாள் கிடந்தால் மருந்து நூலுக்குள் இறுகும். முதலில் வெறும் தண்ணீரில் அலசி ஊற்றுங்கள், பிறகு சுடுதண்ணீரும் சோப்புத் தூளும், பிறகு நல்ல வெயில். துவைப்பவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும். கலக்காத மூல மருந்து கொட்டி நனைந்த துணியைத் துவைத்து மீட்க முடியாது, எறிந்துவிடுங்கள்.

காலித் தோங்கை மும்முறை அலச வேண்டும். கால்பங்கு தண்ணீர் ஊற்றி, மூடி, முப்பது விநாடி நன்றாகக் குலுக்கி, அந்தத் தண்ணீரைத் தெளிக்கும் பம்பிலேயே ஊற்றுங்கள். மீண்டும் இரண்டு தடவை. மருந்து காலியான உடனே இதைச் செய்ய வேண்டும். காய்ந்து ஒட்டிக்கொண்டால் போகாது. பிறகு அடியில் ஓட்டை போடுங்கள். ஓட்டை போடுவதற்குக் காரணம், யாரும் அதில் தண்ணீர் பிடித்து வைக்கக்கூடாது என்பதுதான். எவ்வளவு கழுவினாலும் பிளாஸ்டிக் உறிஞ்சியது மெல்ல மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும்.

மருந்து வாயில் போனாலோ, அடித்துவிட்டு வந்தவருக்கு வியர்வை, எச்சில் ஊறல், கண்மணி சுருங்கல், மூச்சுத் திணறல் என்று தெரிந்தாலோ வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். துணியைக் கழற்றி, உடம்பைச் சோப்பால் கழுவிக்கொண்டே 999-ஐ அழையுங்கள். மருந்துப் போத்தலையும் கூட எடுத்துச் செல்லுங்கள். ஆர்கனோபாஸ்பேட் நஞ்சுக்கு அட்ரோபின் என்ற மாற்று மருந்து உண்டு, எந்த மருந்து என்று தெரிந்தால் மருத்துவருக்கு நேரம் மிச்சம். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நஞ்சு மையம் மருத்துவர்களுக்கு ஆலோசனை தருகிறது.

ஆறாம் படி: கிணற்றுத் தண்ணீர்

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், மருந்து சாகாது. தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் ஆவியாகாத மருந்தின் அடர்த்தி ஏறவும் செய்யும். செயல்கரி வடிகட்டி பல பூச்சி மருந்துகளை நன்றாகப் பிடிக்கும், ஆனால் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை அது சரியாகப் பிடிப்பதில்லை. தலைகீழ்ச் சவ்வூடு (RO) வடிகட்டி அதையும் பெருமளவு பிடிக்கும். கரித்துண்டைக் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும், நிறைந்துபோன கரி பிடித்ததைத் திரும்ப விடும். செம்பனை நிரைக்கு நடுவே இருக்கும் கிணற்றைக் குளிக்கவும் குடிக்கவும் வைத்துக்கொள்ளாமல் குழாய்த் தண்ணீருக்கு மாறிவிடுவது இவை எல்லாவற்றையும்விட மேல்.

வடிகால் ஓரம் ஐந்தாறு அடி அகலத்துக்குப் புல்லை அழிக்காமல் விடுங்கள், வெட்டிவேர் நட்டால் இன்னும் நல்லது. மண்ணோடு ஒட்டி ஓடும் மருந்து அங்கே நின்றுவிடும். எங்கள் தோட்டத்து வடிகால்கள் கடைசியில் சுங்கை சிலாங்கூரில்தான் விழுகின்றன. அதன் கரையில்தான் கம்போங் குவாந்தானின் மின்மினிகள். அந்தப் பூச்சியின் புழு ஆற்றங்கரைச் சேற்றில் நத்தையைத் தின்று வளர்வது. ஆற்றில் கலக்கும் பூச்சி மருந்துக்கு அது பூச்சி, இது மின்மினி என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது.

ஏழாம் படி: மண்ணில் இருப்பதைக் கிருமியிடம் ஒப்படையுங்கள்

மண்ணில் மருந்தைத் தின்று தீர்ப்பவை நுண்ணுயிர்கள். 1973-இல் சேதுநாதனும் யோஷிதாவும் பிலிப்பைன்ஸ் நெல் வயலிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். டயசினான் என்ற பூச்சி மருந்தை அது உடைத்து உணவாக்கிக்கொண்டது. திரும்பத் திரும்ப மருந்து அடித்த வயலில் அந்த மருந்தைத் தின்னத் தெரிந்த உயிர் பெருகியிருந்தது. ஆர்கனோபாஸ்பேட்டை உடைக்கும் நொதி பற்றிய ஆய்வுகளில் பெரும்பங்கு அந்தப் பாக்டீரியாவிலிருந்து கிளைத்தவை.

எந்த மருந்து எவ்வளவு நாள் நிற்கும் என்பதை அரையாயுளால், அதாவது பாதியாகக் குறைய எடுக்கும் நாளால், அளப்பார்கள். மண்ணில் கிளைபோசேட்டுக்கு வழக்கமாகச் சொல்லும் கணக்கு 47 நாள். அப்படியானால் 94 நாளில் கால்பங்கு, 141 நாளில் அரைக்கால் மிஞ்சும். வெப்பமும் ஈரமும் உள்ள மண்ணில் இன்னும் வேகமாகப் போகும். பாராகுவாட்டுக்கு ஏறத்தாழ 1000 நாள். களிமண்ணோடு அது அப்படி இறுக ஒட்டிக்கொள்வதால் கிருமியால் தொட முடிவதில்லை. டிடிடி ஆண்டுக்கணக்கில் நிற்கும். அது உடைந்து வரும் டிடிஇயும் அப்படியே.

மருந்து அடித்துப் பழகிய கொல்லை மண்ணைக் காய்கறிக்குத் திருப்ப நினைப்பவர்கள் முதலில் மண்ணைக் கொத்திக் காற்றோட்டம் கொடுங்கள். நன்றாக மட்கிய உரத்தை ஒரு சாண் ஆழம் வரை கலந்துவிடுங்கள்; கிருமிக்குத் தீனி அதுதான். நம் மண் பெரும்பாலும் புளிப்பு, விவசாயச் சுண்ணாம்பு போட்டுக் கார அமிலநிலையை (pH) 6-க்கு அருகே கொண்டுவந்தால் கிருமி சுறுசுறுப்பாகும். ஈரம் வேண்டும், தண்ணீர் தேங்கக்கூடாது. மூன்று நான்கு மாதம் பயறு வகை ஏதாவது மூடுபயிராக விட்டு, பிறகு காய்கறி போடுங்கள்.

பழைய மருந்துக் கொட்டகை இருந்த இடத்துக்கு மட்டும் இந்த முறை போதாது. அங்கே டிடிடி போன்ற பழைய மருந்துகள் ஊறியிருக்கலாம். பூசணி இனத்தில் சில வகைகள் மண்ணிலிருந்து டிடிஇயை உறிஞ்சித் தண்டிலும் காயிலும் சேர்த்துக்கொள்பவை. அந்த இடத்தில் பூசணி, கிழங்கு, காரட் எதுவும் வேண்டாம். புல் வளர விட்டு, கோழியையும் அங்கே மேய விடாதீர்கள்; கொழுப்பில் சேரும் மருந்து முட்டை வழியாகத் திரும்ப வரும்.

எட்டாம் படி: பம்பு கழுவும் இடத்தில் ஓர் உயிர்ப்படுகை

சொந்தமாக இரண்டு மூன்று ஏக்கர் செம்பனை வைத்திருப்பவர்களுக்கு இது. பம்பைக் கழுவும் தண்ணீர் நாள்தோறும் ஒரே இடத்தில் கொட்டுவதால்தான் கிணறும் வடிகாலும் கெடுகின்றன. சுவீடனில் 1993-இல் இதற்கென்று ஒரு குழி முறை உருவானது. 60 செண்டிமீட்டர் ஆழம். அடியில் 10 செண்டிமீட்டர் களிமண். அதன்மேல் பாதி வைக்கோல், கால்பங்கு கரிமண் (பீட் எனும் சதுப்புநில மண்), கால்பங்கு வயல்மண் கலந்த கலவை. மேலே புல். வைக்கோலில் வளரும் வெண்பூஞ்சை, மரத்தின் லிக்னினை உடைக்க வைத்திருக்கும் நொதியாலேயே மருந்தையும் உடைக்கும்.

நமக்கு வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. அறுவடை முடிந்தால் தஞ்சோங் காராங், செகிஞ்சான் நெல் வயல்களில் கிடைக்கும். விரலளவுக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். கரிமண்ணுக்குப் பதிலாக நன்கு மட்கிய உரம் போதும். கலந்து நனைத்து ஒன்றரை இரண்டு மாதம் மூடி வைத்து, வெண்ணூலாகப் பூஞ்சை படர்ந்த பிறகு குழியில் நிரப்புங்கள். நம் ஊர் மழைக்குச் சுவீடன்காரர்கள் குழி தாங்காது. நான்கு கம்பு நட்டு மேலே தகரம் போடுங்கள், ஓரத்தில் வரப்பு எடுத்து வெளித் தண்ணீரை மறியுங்கள். அடியில் களிமண் இறுகாத மணல் நிலமானால் தடித்த தார்ப்பாய் விரியுங்கள். கிணற்றுக்கும் வடிகாலுக்கும் தள்ளி அமையுங்கள்.

கழுவிய தண்ணீரை மட்டும் அதில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கலக்காத மருந்தை ஊற்றினால் பூஞ்சையே செத்துவிடும். பிழிந்தால் கையில் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக்கூடாது. அந்தப் பதத்தில் வைத்திருங்கள். கலவை மட்கித் தாழும், ஆண்டுக்கு ஒருமுறை புது வைக்கோலும் உரமும் சேர்த்து நிரப்புங்கள். ஐந்து ஆறு ஆண்டில் முழுவதையும் வெளியே எடுத்து, மழை படாமல் தார்ப்பாய் போட்டு ஓராண்டு மட்க விட்டு, செம்பனை மரத்தடியில் பரப்புங்கள். காய்கறிப் பாத்திக்கு அதைக் கொண்டுபோகாதீர்கள்.